ரமாபாயும் ஜாவாவின் வாரிசும்

ரமாபாயை முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "நீங்க நார்த்தா?" பெயரில் 'பாய்' இருப்பதால் மராட்டிக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள். "ஆமா, நார்த்துதான். நார்த் மெட்ராஸ், வியாசர்பாடி" என்பாள். அந்தப் பெயரை அவள் அப்பா யாரை நினைத்து வைத்தார் என்பது எங்கள் பக்கத்தில் பால் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். தெரியாதவர்களுக்கு அவள் விளக்கியதில்லை. தெரியாதது அவர்கள் கஷ்டம் என்று விட்டுவிடுவாள்.

நான் ஃப்ளோரா, ராயபுரம். அவளுக்குப் பக்கத்து நாற்காலி. திருவொற்றியூரில் எக்ஸ்பிரஸ் ரோட்டை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டின் மாடியில் எங்கள் ஆபீஸ். வருகிற டிரெய்லர் லாரி எது, டிரைவர் யார் என்று கேட்டில் சரிபார்த்து, பாஸ் அடித்துக் கொடுத்து, தடுப்புக் கட்டையைத் தூக்குகிற மென்பொருளை எழுதுவது ரமாபாயின் வேலை. அவள் எழுதியதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்து அதற்குச் சம்பளமும் வாங்குகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் சொல்லுங்கள்.

அந்த மென்பொருள் முழுக்க ஜாவாவில் எழுதியது. கம்ப்யூட்டரிடம் வேலை வாங்குவதற்கு மனுஷன் உண்டாக்கிய பாஷைகளில் அதுவும் ஒன்று. வயதான பாஷை, நம்பகமான பாஷை, ஆனால் வளவளவென்று பேசும். ஒரு டிரைவருக்கு ஒரு பெயர் உண்டு, ஒரு லைசென்ஸ் உண்டு என்று சொல்வதற்கே அரைப் பக்கம் எடுத்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் மைக் பிடித்த பெரியவர் மாதிரி. ஆனால் பெரியவரை நம்பித்தான் பாதி உலகத்தின் பேங்கே ஓடுகிறது. எங்கள் கேட்டும் ஓடியது.

ரமாபாயின் கதையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் வாரிசு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படித்தபோது அவள் அப்பா லட்சுமணன் போய்விட்டார். எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கி வந்தார், பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் ஒப்பாரி ஓய்வதற்குள் இன்னொரு பேச்சு கிளம்பிவிடும்: வாரிசு வேலை யாருக்கு? செத்தவர் இடத்தில் அவர் வீட்டு ஆள் ஒருவரைக் கம்பெனி சேர்த்துக்கொள்ளும். வாரிசு என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு அரண்மனையும் ஆஸ்தியும் ஞாபகம் வரலாம். துறைமுகத்தையும் ரயிலையும் ஆலையையும் நம்பிப் பிழைக்கிற எங்களுக்கு டெத் சர்டிபிகேட்டும், தாலுகா ஆபீஸ் படியும், செத்தவர் விட்டுப்போன இடமும்தான் ஞாபகம் வரும்.

"படிச்சது போதும், நைனா எடத்துல போயி குந்து" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் அவளிடம் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றாள். "நைனா சீட்டு நைனாவோட பூட்ச்சு. எனக்கு வோணும்னா நான் புச்சா ஒண்ணு இஸ்து போட்டுக்கிறேன்" என்றாளாம். தெருவே அவளைத் திட்டியது. தலைக்கனம் பிடித்த பெண் என்றது. அப்போது அவள் அம்மா பூவம்மா எழுந்து வந்து கேட்டதைத்தான் அந்தத் தெருவில் இன்னும் சொல்கிறார்கள். "வாரிசுன்னா புள்ளதான்னு எவன் சொன்னான்? பொண்டாட்டி நான் இன்னா செத்தா பூட்டேன்?" பூவம்மா போய் அந்தக் கம்பெனி கேன்டீனில் சேர்ந்தார். மகள் படித்தாள். ஜாவா படித்தாள்.

இந்தக் குடும்பத்திடம்தான் எங்கள் முதலாளி குணசேகரன் சார் வாரிசு என்ற வார்த்தையைக் கொண்டுவந்து நீட்டினார்.

போன வருஷம் அவர் ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்தார். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள், இருந்தாலும் சொல்கிறேன், முதலாளி கருத்தரங்குக்குப் போனால் நமக்கு அஷ்டமத்துச் சனி. வரும்போது கோட்லின் என்ற புதிய பாஷையையும், அதில் கைதேர்ந்த சித்தார்த் என்பவரையும் கூட்டிவந்தார். சித்தார்த்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. அடையாறு. நல்ல மனுஷன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வில்லன் வேண்டும் என்கிறவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளுங்கள்.

திட்டம் என்னவென்றால், ஜாவாவில் இருப்பதை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு மொத்தத்தையும் கோட்லினில் புதிதாக எழுதுவது. எழுதப்போவது வெளியிலிருந்து வரும் ஒரு குழு. ஜாவா பக்கம் இருந்த ரமாபாய் உட்பட மூன்று பேரும் வேலையை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். போதாக்குறைக்கு, இரண்டு பாஷைகளையும் ஒப்பிட்டு ஒரு பேச்சுத் தயார் செய்யும்படி ரமாபாயிடமே சொன்னார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: 'ஜாவாவின் வாரிசு கோட்லின்'. அவள் பாடையை அவளே கட்ட வேண்டும், அதுவும் அழகாகக் கட்ட வேண்டும். 

கூட்டத்தில் அவள் எழுந்து திரையில் இருந்த தலைப்பைக் கையால் காட்டினாள்.

"வாரிசுன்னு போட்டுக்கீறீங்க. சோக்கா கீது. டெத் சர்டிபிகேட் எங்க சார்?"

"என்ன சர்டிபிகேட்?" என்றார் குணசேகரன் சார்.

"வாரிசுன்னு சொல்லிக்கினு போனா மொதல்ல அத்தத்தான் கேப்பாங்க. அது இல்லாம ஒரு ஆபீஸ்லயும் உள்ள வுட மாட்டான். ஜாவா எப்ப செத்துச்சு? யார் பாத்தது?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. சார் சிரிக்கவில்லை. சித்தார்த் கொஞ்சம் சிரித்தார், அங்கேதான் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அதன்பிறகு அவள் கொடுத்த வேலையைச் செய்தாள். கோட்லினின் நல்ல குணங்களை மறைக்கவில்லை. ஜாவாவில் அரைப் பக்கம் போகிறது கோட்லினில் ஒரு வரி என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே காட்டினாள். பிறகு சொன்னாள். "ஆனா நீங்க ஒப்பிடற ஜாவா நம்ம கேட்டுல ஓடுற ஜாவா. அது பழைய ஜாவா சார். புச்சு போடலாம்னு நான் கேட்டப்பல்லாம் அப்பால பாத்துக்கலாம்னீங்க. இன்னிக்கி வர்ற ஜாவாவும் சுருக்கமாத்தான் பேசுது. ஒருத்தியோட இன்னிக்கி போட்டோவையும் இன்னொருத்தியோட பழைய போட்டோவையும் வச்சிக்கினு யாரு அழகுன்னு கேட்டா இன்னா நாயம்?"

"அது சரி. ஆனா நல்?" என்றார் சித்தார்த்.

நல் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதைக்கு அது வேண்டும். கம்ப்யூட்டரில் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை என்றால் அதற்கு நல் என்று பெயர். ஆங்கிலத்தில் எழுதினால் null. ஜாவா அதைப் பற்றி முன்கூட்டி எதுவும் கேட்காது. படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து விழுந்த பிறகுதான் இல்லை என்று தெரியும். கோட்லின் எழுதும்போதே கேட்கும்: இந்த இடம் காலியாக இருக்கலாமா, கூடாதா? இருக்கலாம் என்றால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். போடாவிட்டால் காலியாக வருவது எதையும் உள்ளே விடாது.

"அது நல்ல கொணம், ஒத்துக்கிறேன்" என்றாள் ரமாபாய். "ஆனா ஜாவா வேவுற அதே அடுப்புலதான் கோட்லினும் வேவுது. ரெண்டையும் ஒரே வூட்டுல வச்சிக்கலாம், சண்டை போடாது. அப்பால வூட்ட எதுக்கு இடிக்கணும்? ஆளுங்கள எதுக்குத் தொரத்தணும்? ஒரு கேட்டு குடுங்க. ஜாவா அப்டியே இருக்கட்டும், அதுக்குள்ளயே அந்த கேட்ட மட்டும் நான் கோட்லின்ல எழுதறேன். ஓடுச்சுன்னா மிச்சத்தையும் எங்க மூணு பேரையே எழுத வுடணும். ஓடலன்னா நானே பூடறேன்."

குணசேகரன் சார் ஒத்துக்கொண்டார். தோற்றுவிடுவாள் என்று நினைத்திருப்பார். ஜெயித்தாலும் அவருக்கு நஷ்டம் இல்லை. முதலாளி என்றால் சும்மாவா?

அவள் கோட்லின் படிக்க ஆரம்பித்தாள். பிடிக்கக்கூடாது என்ற வைராக்கியத்தோடுதான் ஆரம்பித்தாள். ஒருநாள் மத்தியானம் சோற்று டப்பாவைத் திறக்காமலேயே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "கய்தே, நல்லாத்தான்யா கீது" என்று முணுமுணுத்தாள். சந்தேகம் வந்தால் எழுந்துபோய் சித்தார்த்திடம் கேட்டாள். அவரும் முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். அவள் பேசுவதில் பாதி அவருக்குப் புரியவில்லை. அவர் ஆங்கிலத்தில் பாதி அவளுக்குப் புரிந்தும் புரியாத மாதிரி இருந்தாள். வேலை நடந்தது.

எழுதி முடித்ததை என்னிடம் கொடுத்தாள். என்னால் முடிந்த மட்டும் குடைந்தேன். விதவிதமான டிரைவர், விதவிதமான லாரி, தப்பான நம்பர், காலாவதியான லைசென்ஸ் என்று எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

இரண்டாம் கேட்டில் அதை ஓடவிட்ட காலை நானும் ரமாபாயும் மாடி ஜன்னலில் நின்றிருந்தோம். மணலி ஆலைக் காற்று மூக்கைப் பொசுக்கியது. லாரிகள் வந்தன, பாஸ் வந்தது, கட்டை தூக்கியது. பழையதைவிட வேகம். குணசேகரன் சார்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அப்போது நல்முத்து வண்டி வந்தது.

நல்முத்து எங்கள் யார்டுக்கு வருஷக்கணக்காக வருகிற டிரெய்லர் டிரைவர். ஐம்பது வயது இருக்கும். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை டீக்கடை, எடைமேடை, பெட்ரோல் பங்க் எங்கே கேட்டாலும் நல்முத்து என்றால் தெரியும். யாருக்கு டயர் வெடித்தாலும் இறங்கி நிற்கிற ஆள். அந்தக் குணத்துக்காகத்தான் அப்படி ஒரு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நானும் நினைத்திருந்தேன்.

அவர் வண்டிக்குக் கட்டை தூக்கவில்லை. ரமாபாயின் திரையில் சிவப்பாக வரிகள் ஓடின. பின்னால் நின்ற டிரெய்லர்கள் ஹாரனை அழுத்தின, எக்ஸ்பிரஸ் ரோட்டில் வால் நீண்டுகொண்டே போனது. நாங்கள் இரண்டு பேரும் படியில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம்.

"நல்முத்து வண்டிமா. மிஷினு முடியாதுன்னுது" என்றார் கேட்டில் நின்ற வாட்ச்மேன்.

ரமாபாய் கேட்டில் இருந்த கம்ப்யூட்டரில் அந்தச் சிவப்பு வரியைப் படித்தாள். டிரைவரின் இன்ஷியல் இருக்க வேண்டிய இடம் காலி. பழைய ஜாவா அந்தக் காலி இடத்தை எடுத்து நீட்டியிருக்கிறது, கோட்லின் முகத்தில் கதவைச் சாத்தியிருக்கிறது.

அவள் அவசரத்தில் கேட்டுவிட்டாள். "அண்ணா, உங்க இன்ஷியல் இன்னா?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் நல்முத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்ஷியல் இல்லாதவன் என்பது எங்கள் பக்கத்தில் அடிதடியில் கொண்டுபோய் விடுகிற வசவு. நாலு பேர் முன்னால் யாரும் யாரிடமும் அதைக் கேட்பதில்லை. நல்முத்து கோபப்படவில்லை. வண்டியிலிருந்து இறங்கினார்.

"கெடையாதுமா. அம்மா பேரு ஞானசெல்வி. அப்பன் யாருன்னு அது சொல்லல, நான் கேக்கல. லைசென்ஸ்ல வெறும் முத்துதான்." சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட பழைய பாஸ் ஒன்றை எடுத்து நீட்டினார். "உன் பழைய பொட்டி இத்தனை வருசம் ஒண்ணும் கேக்காம உள்ள வுட்டுச்சு. பேருக்கு முன்னால எதோ ஒண்ணு போட்டும் குடுத்துச்சு. புச்சு பொட்டி அப்பன் பேரு கேக்குது."

பாஸில் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது: null Muthu.

இன்ஷியல் இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லாததால், ஒன்றும் இல்லை என்பதையே ஜாவா இன்ஷியலாக அச்சடித்திருக்கிறது. வாட்ச்மேன் அதை எழுத்துக்கூட்டி 'நல் முத்து' என்று கூப்பிட்டிருக்கிறார். ஊர் பிடித்துக்கொண்டது. அந்த அழகான பெயர் ஒரு ஓட்டை. ஒரு டெஸ்டராக என் வாழ்நாளில் நான் பார்த்த ஒரே நல்ல ஓட்டை.

ரமாபாயின் முகம் செத்துவிட்டது. எனக்கு ஏன் என்று தெரியும். அப்பன் இடத்தில் உட்கார மாட்டேன் என்று தெருவையே எதிர்த்து நின்றவள் அவள். அவளிடம் கோட்லின் மரியாதையாகக் கேட்டிருக்கிறது, இன்ஷியல் இல்லாமல் ஒரு ஆள் வரலாமா என்று. அவள் யோசிக்கவே யோசிக்காமல் கேள்விக்குறி போடாமல் விட்டிருக்கிறாள். அப்பன் பேர் இல்லாத ஆளே கிடையாது என்று அவள் கையே முடிவு செய்திருக்கிறது. நான் சோதித்துப் பார்த்த டிரைவர்களுக்கும் எல்லோருக்கும் அப்பன் இருந்தான்.

அதற்குள் குணசேகரன் சார் வேர்க்க விறுவிறுக்க வந்துவிட்டார், பின்னால் சித்தார்த். ஹாரன் சத்தத்தில் சார் கத்தினார். "எடுங்க இந்தக் கோட்லினை! பழைய ஜாவாவையே போட்டு வண்டியை உள்ள விடுங்க. எனக்குப் புதுசும் வேணாம் ஒண்ணும் வேணாம். ரமாபாய், நீங்க அன்னிக்குச் சொன்னதுதான் சரி. யாரும் எங்கயும் போக வேணாம்."

பழைய குருடி கதவைத் திறடி என்பார்களே, அதேதான். நான் மனதுக்குள் மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன். வேலை போகவில்லை, மூன்று பேரும் தப்பித்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினால் போதும்.

"முடியாது சார்" என்றாள் ரமாபாய்.

எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கூடம் நேராத்தான் கீது. கோட்லின் கேட்டுச்சு, நான்தான் தப்பா பதில் சொன்னேன். இன்ஷியல் இல்லாம ஆளே இருக்காதுன்னு எழுதினது நான். அது மேல பழியப் போட்டு என் வேலைய நான் காப்பாத்திக்க மாட்டேன்."

"அப்ப நீங்கதான் போகணும், தெரியுதா? நீங்க போட்ட கண்டிஷன்" என்றார் சார்.

"தெரியுது. போறேன். இவர உள்ள வுட்டுட்டு போறேன்."

"அதுக்கென்ன இப்போ, இன்ஷியல் எடத்துல ஒரு புள்ளி வச்சு அனுப்புங்க. எல்லாரும் அப்படித்தானே செய்யறாங்க!"

"புள்ளி வைக்கறது கோலத்துக்கு சார். இவரு மனுசன். இல்லன்னா இல்லன்னுதான் எழுதுவேன். இல்லாதவனையும் மதிச்சு உள்ள வுடற மாதிரி எழுதுவேன்."

அவள் அங்கேயே நின்றபடி லேப்டாப்பை வாட்ச்மேன் மேஜையில் வைத்து இன்ஷியல் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். இன்ஷியல் காலியாக வந்தால் பெயரை மட்டும் அச்சடிக்கும்படி ஒரு வரி மாற்றினாள். நான் பக்கத்தில் நின்று இரண்டு தரம் சோதித்தேன். சித்தார்த் படித்துப் பார்த்துச் சரி என்றார். கட்டை தூக்கியது. நல்முத்து வண்டி உள்ளே போனது, பின்னாலேயே மற்ற லாரிகளும்.

சித்தார்த் முதலாளி பக்கம் திரும்பினார். "சார், நான் எழுதியிருந்தா சர்நேம் கட்டாயம்னு போட்டிருப்பேன். நாம கூப்பிட இருந்த டீமும் அதைத்தான் போட்டிருக்கும். நம்ம டிரைவர்ல பாதிப் பேருக்கு அது கிடையாது. இவங்களை அனுப்பிட்டா அடுத்த தப்பை இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டுத் திருத்த ஆள் இருக்காது."

குணசேகரன் சார் காலியான ரோட்டைப் பார்த்தார். லாரி நகர்ந்தால் அவருக்குக் கோபம் தங்காது. "ஒவ்வொரு கேட்டா மாத்துங்க. மூணு பேரும் இருங்க. இன்னொரு தரம் ரோடு அடைச்சா பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. நான்தான் அழுதுவிட்டேன், அவள் அழவில்லை.

கொஞ்ச நேரத்தில் நல்முத்து கன்டெய்னரை இறக்கிவிட்டு நடந்தே திரும்பி வந்தார். கையில் புதிய பாஸ்.

"இன்னாமா இது? வெறும் முத்துன்னு வந்துகீது. நல் எங்க?"

"அது தப்புண்ணா. ஒண்ணும் இல்லன்றதுக்குத்தான் பொட்டி அப்டி அடிச்சுது. அத்த சரி பண்ணிட்டேன்."

"நீ சரி பண்ணிட்ட. ஊருக்கு இன்னா சொல்றது? என் பொண்ணு கல்யாண பத்திரிகைல நல்முத்து மகள்னு போட்டாச்சு. மத்தவனுக்கு அப்பன் குட்த்தான், எனக்கு உன் பொட்டி குட்த்துச்சு. இல்லாதத தப்புன்னு யாரு சொன்னது? அத்த திருப்பி வை."

 ரமாபாய் வாட்ச்மேன் மேஜை முன்னால் உட்கார்ந்து, அவருடைய பதிவைத் திறந்து, இன்ஷியல் கட்டத்தில் அந்த நாலு ஆங்கில எழுத்தையும் தன் கையாலேயே அடித்தாள். இந்த முறை காலி இல்லை. அவரே கேட்டு வாங்கிய இன்ஷியல். பாஸ் வெளியே வந்தது. அவர் படித்துப் பார்த்து உறையில் போட்டுக்கொண்டு போனார்.

சாயங்காலம் சித்தார்த் எங்கள் இடத்துக்கு வந்தார். முதலாளிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், தலைப்பு இன்னும் அப்படியே இருந்தது. "எல்லாம் எழுதிட்டேன். ஜாவாவின் வாரிசு யாருன்னு கடைசியில ஒரு வரி கேக்கறாங்க. என்ன போடட்டும்? கோட்லினா? புது ஜாவாவா?"

ரமாபாய் ஜன்னலைக் காட்டினாள். கீழே நல்முத்து அடுத்த கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"ஜாவா இன்ஷியல எவன் போட்டுக்கினு போறானோ அவன போடு."